போதும்பொண்ணுக்கு நான் வைத்த பேர்

ஒண்ணாம் வகுப்பு டீச்சருக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, ஜூன் மாதத்தில் அட்மிஷன் ரிஜிஸ்தருக்கு முன்னால் உட்கார்ந்து ஊர்ப் பெண்களுக்கெல்லாம் பேர் எழுதுவது. அந்த மேஜைக்குப் பின்னால் ஒரு தடவையாவது உட்கார்ந்து அவஸ்தைப்பட்டவர்களுக்கு நான் சொல்லப்போவதெல்லாம் தெரிந்த கதைதான். உட்காராதவர்கள் நம்ப மாட்டார்கள், விடுங்கள்.

நாடு சுதந்திரம் வாங்கி நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். பெங்களூர் அல்சூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. ஒரே கட்டடம், இந்தப் பக்கம் தமிழ் வகுப்புகள், அந்தப் பக்கம் கன்னடம். எங்களிடம் வருகிற பிள்ளைகளில் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் குறைவு. பிறந்ததை எங்கேயாவது எழுதிவைத்த அப்பாக்கள் அதைவிடக் குறைவு. அதனால் நாங்கள் ரிஜிஸ்தரில் என்ன எழுதுகிறோமோ அதுதான் பிறந்த தேதி, அதுதான் பேர். தேதிக்காக யாரும் சண்டைக்கு வந்ததில்லை. ஜூன் ஒன்று என்று எழுதினால் சரி என்று தலையாட்டிவிடுவார்கள். பேர் என்றால் மட்டும் அப்பா ஒன்று சொல்வார், அம்மா ஒன்று சொல்வாள், கூட வந்த அத்தை இரண்டுமே நன்றாக இல்லை என்பாள்.

எனக்கும் அபிப்பிராயம் இல்லாமல் இல்லை. என் பேர் கன்னியம்மா. முப்பது வயசாகியும் கல்யாணம் ஆகாத டீச்சருக்கு இப்படி ஒரு பேர் இருந்தால் தெருவில் என்னவெல்லாம் பேசுவார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே பெண்களுக்கு நல்ல பேராக எழுதிவிடத்தான் கடவுள் என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வாயும் எனக்குக் கொஞ்சம் நீளம். கோபமோ மூக்கு நுனியில்.

திட்ட முடியாத பேர்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ஒரு இளவயசுப் பெண் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பேர் என்ன என்றேன். பாப்பா என்றாள். அது கூப்பிடுகிற பேர், வைத்த பேர் என்ன என்று கேட்டேன். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், கடைசியில் பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே வேர்க்கடலை விற்கிற, அவள் தெருக்கார அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து, நீங்க சொல்லுங்க என்றாள். கடலைக்காரம்மா சொன்னாள், தெய்வானை. அது இவளுடைய மாமியார் பேர். மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

சரி, மரியாதை, இருக்கட்டும் என்று எழுதப் போனேன். அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு, அது மட்டும் வேண்டாம், வேறே எதுவானாலும் எழுதுங்கள் என்று கெஞ்சினாள். மாமியார் மேல் அப்படியென்ன வருத்தம் என்று கேட்டேன். வருத்தமெல்லாம் ஒன்றுமில்லையாம். ஒரு நாள் குழந்தை பாலைக் கொட்டிவிட்டதற்கு மாமனார் 'ஏ தெய்வானை, அறிவிருக்கா' என்று சத்தம் போட்டாராம். உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த கிழவி முறத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டாளாம். சமாதானம் செய்து கூட்டிவர மூன்று நாள் ஆயிற்றாம். மாமனாருக்கே அந்தக் கதியென்றால் மருமகள் கதி என்ன? நான் பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தேன். அவள் அழாத குறையாகச் சொன்னாள்: "பெத்த பொண்ணைத் திட்டாம எப்படி டீச்சர் வளக்கிறது?"

பிஸ்கட் தின்ற ரோஸி

அந்தோணிசாமி பிரேசர் டவுனிலிருந்து வந்தார். வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் வீட்டில் பட்லராக இருந்தவர். துரை குடும்பம் கப்பலேறிய பிறகு ஏதோ ஓட்டலில் வேலை. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பேச்சில் பாதி இங்கிலீஷ். மகளுக்குக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்த சீட்டில் ரோஸி என்று இருந்தது. அதைக் கண்ணால் பார்க்காதீர்கள், பிலோமினா என்று எழுதிவிடுங்கள் என்றார்.

சாமியார் கையெழுத்துப் போட்ட சீட்டை நான் எப்படி மீறுவது? அதோடு ரோஸி அழகான பேர்தானே. அந்தோணிசாமி துரையோடு ஊட்டிக்குப் போயிருந்த சமயம் பார்த்து, மனைவி அவரைக் கேட்காமல் வைத்துவிட்டாளாம். அதுதான் கோபமா என்றேன். இல்லை என்று தலையாட்டினார். கதவைப் பார்த்து, யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்: "துரை வீட்டு நாய்க்கு அதான் பேரு. பதினோரு வருஷம் ரோஸி ரோஸின்னு கூப்பிட்டு பிஸ்கட் போட்ட வாயி டீச்சர் இது."

பிச்சையம்மா பிரேமா ஆனாள்

இது வரைக்கும் நானாக யார் பேரையும் மாற்றவில்லை. தன் பேரைத் தானே மாற்றச் சொல்லி என்னிடம் கேட்டது ஆறு வயசுப் பெண் ஒருத்திதான். பூக்கட்டுகிறவள் மகள். கோயிலில் மடியேந்திப் பெற்ற பிள்ளை என்பதால் பிச்சையம்மா. அம்மா பேரைச் சொன்னதும் அந்தச் சின்னது என்னைப் பார்த்து, வேணாம் டீச்சர், தெருப் பசங்க என்னைப் பார்த்துத் தட்டை நீட்டறாங்க என்றது. அம்மாவும், சாமிக்குத் தெரிந்தால் போதும், ஸ்கூலில் வேறே பேர் இருக்கட்டும் என்றாள். பிரேமா என்று எழுதினேன்.

ஒரு மாசத்தில் அவளைப் பார்க்க வேண்டுமே. பேர் கூப்பிட்டால் எழுந்து நின்று கூரை அதிரும்படி 'ஆஜர்' என்பாள். மற்ற டீச்சர்கள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு சொட்டு மையில் ஒரு பெண்ணின் தலையெழுத்தையே மாற்றிவிட்டோம் என்று நினைப்பு. அந்தக் குழந்தை கேட்டது, அதனால் மாற்றினோம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பூக்காரம்மா ஒரு நாள் கனகாம்பரம் ஒரு முழம் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க எழுதினப்புறம் அவ நடையே மாறிடுச்சு, டீச்சரம்மா."

குப்பம்மாவின் அம்மா

அடுத்த ஜூனில் நானே ஆரம்பித்துவிட்டேன். குப்பம்மா என்று ஒரு பெண் வந்தது. மூக்கில் வளையம், இடுப்பில் தாயத்து. அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் பிறந்து பிறந்து போய்விட்டன. மூன்றாவதைக் குப்பைமேட்டில் போட்டுப் புரட்டி, முறத்தில் எடுத்து, மூக்குக் குத்தி அந்தப் பேரை வைத்தார்கள். கேட்கிறவர்களுக்குப் பிடிக்கக்கூடாது என்பதற்காகவே வைக்கிற பேர் அது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். எனக்கும் தெரியும். தெரிந்தும் குமுதா என்று எழுதினால் என்ன என்று கேட்டேன், கேட்டுக்கொண்டே முதல் எழுத்தைப் போட்டும்விட்டேன்.

அந்த அம்மா எட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சித்தாள் வேலை பார்க்கிற கை, இரும்பு மாதிரி. எனக்கு வந்த கோபத்தில் மூடநம்பிக்கை, அது இது என்று ஒரு பிரசங்கமே செய்தேன். கையை விடவில்லை அவள். குப்பம்மா என்றே எழுதி முடித்த பிறகுதான் விட்டாள். அன்றைக்கு அவள் சொன்னதைச் சாயங்காலம் வரை எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். சிரித்தது இப்போது வெட்கமாக இருக்கிறது. அவள் சொன்னது இதுதான்: "இந்தப் பேரக் கேட்டுத்தான் எமன் வாசப்படி ஏறல. நீங்க நல்ல பேரா எழுதி அவனுக்கு வழி காட்டிடாதீங்க."

நாலாவது பெண்

அதே வாரம் கங்கம்மா வந்தாள். புருஷன் முனுசாமி கண்டோன்மெண்ட் பங்களாக்களுக்கு வெள்ளையடிக்கிறவர். சொந்த ஊர் ஆற்காட்டுப் பக்கம். கூட்டி வந்தது நாலாவது மகளை. பேர் கேட்டேன். போதும்பொண்ணு என்றாள்.

பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்தால் கடைசிப் பெண்ணுக்கு அந்தப் பேர் வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். பெண் போதும் என்று சாமிக்குச் சொல்லியாகிவிட்டது, அடுத்தது பையன் வரும் என்று நம்பிக்கை. குப்பம்மாவின் அம்மாவிடம் தோற்ற கடுப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை. பெற்ற பிள்ளையைப் பொழுது விடிந்தால் போதும் போதும் என்று கூப்பிடுகிறீர்களே, வாய் கூசவில்லையா என்று பிடித்துக்கொண்டேன். கங்கம்மா வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். அதை நான் கவனிக்கவில்லை. வசந்தா என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

குழந்தை சுவரில் தொங்கின இந்தியா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. உனக்கு எந்தப் பேர் பிடிக்கும் என்று அதை ஒரு வார்த்தை கேட்கவில்லை நான். பெற்றவளைக்கூடச் சரியாகக் கேட்கவில்லை. எழுதி முடித்து மை ஒற்றிய பிறகு, என்ன, சம்மதந்தானே என்றேன். கங்கம்மா குழந்தையை என் பக்கமாகத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "எழுதிட்டீங்க. அவரு வந்து கேட்டா நீங்கதான் பதில் சொல்லிக்கணும்."

முனுசாமி வந்தார்

ஏழு மாசம் யாரும் வந்து கேட்கவில்லை. மகளுக்கு ஸ்கூலில் வசந்தாவாம் என்று முனுசாமி வேலை செய்கிற இடத்தில் சொல்லிச் சிரித்ததாகக்கூடக் கேள்விப்பட்டேன். பெண்ணோ படுசுட்டி. மணியடிப்பதற்கு முன்னாலேயே வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிடும். தீபாவளிக்குள் நூறு வரைக்கும் ஒப்பித்தது. வீட்டில் மூத்தவர்கள் மூன்று பேரும் படிக்கவில்லை, இது ஒன்றுதான் படித்து வரப்போகிறது என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

பொங்கல் முடிந்து ஸ்கூல் திறந்தது, அவள் வரவில்லை. பத்தாம் நாள் முனுசாமி வந்தார். புருவத்திலும் கையிலும் சுண்ணாம்புத் திட்டு. தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வகுப்புக்கு வெளியிலேயே நின்றார். கங்கம்மாவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, ஐந்தாவதும் பெண் என்றார். நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன். அவர் கோபப்படவில்லை. நிதானமாக, எனக்குப் புரிய வேண்டுமே என்ற கவலையோடு சொன்னார். போதும் என்று வாசலில் ஒரு தாழ்ப்பாள் போட்டு வைத்திருந்தார்களாம். நான் பேரை மாற்றி அதைத் திறந்துவிட்டேனாம். பழைய பேரைத் திரும்ப எழுதினால் மறுநாளே பெண்ணைக் கொண்டுவந்து விடுவாராம். இல்லையென்றால் அனுப்ப முடியாதாம். அவர் விரல் விட்டு மாசத்தை எண்ணிக் காட்டினார்: "நீங்க எழுதின அன்னிக்கு அவ ரெண்டு மாசம், டீச்சரம்மா. வயித்துல இருந்தது எதுன்னு அப்ப யாருக்குத் தெரியும்?"

இரண்டு நிமிஷ வேலை

விட்டேனா நான்? ஆணா பெண்ணா என்பதைப் பேர் முடிவு செய்யாது என்று ஆரம்பித்து, அரை மணி நேரம் அவருக்கு வகுப்பெடுத்தேன். ஒரு பெண்குழந்தையைப் பார்த்து நீ வேண்டாதவள் என்று சொல்கிற பேரை என் கையால் எழுத மாட்டேன், அது பாவம் என்றேன். அத்தனையும் கேட்டுவிட்டு, சரிங்கம்மா என்று கும்பிட்டுவிட்டுப் போனார். ஹெட்மிஸ்ட்ரஸ்தான் எங்களுக்குப் பெரிய டீச்சர். அவர்கள் என்னைக் கூப்பிட்டு, சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் பழைய பேர், கீழே உன் கையெழுத்து, இரண்டு நிமிஷ வேலை, செய்துவிட்டால் என்ன என்று கேட்டார்கள். முடியவே முடியாது என்றேன். பெண் படிப்பா, என் ரோஷமா என்று கேட்டிருந்தால்கூட அன்றைக்கு ரோஷம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

மத்தியானம் கன்னட வகுப்பு டீச்சரோடு சேர்ந்துதான் சாப்பிடுவேன். என் வயசுதான் அவளுக்கும். மூன்று வருஷமாக ஒரே டிபன் கேரியரில் கைபோட்டுச் சாப்பிட்ட சிநேகிதி. நான் எப்படி வளைந்து கொடுக்காமல் நின்றேன் என்று பெருமையடித்துக்கொண்டேன். அவள் சித்ரான்னத்தைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள். அவள் பேர் சாக்கம்மா. மூன்று வருஷமாக ஒரு நாளைக்கு ஐம்பது தடவை அந்தப் பேரைக் கூப்பிட்டிருக்கிறேன். அதற்கு ஓர் அர்த்தம் இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. சாக்கம்மா சொன்னாள்: "நோடு, இங்க பாரு கன்னியம்மா, சாக்குன்னா எங்க பாஷைல போதும்னு அர்த்தம். நாலு அக்காவுக்கு அப்புறம் பொறந்தவ நானு. இந்தப் பேர்லயேதான் படிச்சு டீச்சரானேன்."

அடித்த பேர்

அதைக் கேட்ட உடனே எழுந்து முனுசாமி வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. சாக்கம்மாவோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அப்புறம் முனுசாமியே மறுபடி வரட்டும், வந்தால் மாற்றி எழுதிவிடலாம் என்று காத்திருந்தேன். நானாகப் போய் நிற்பதற்கு மனசு இடம் கொடுக்கவில்லை. இப்படியே ஒரு மாசம். அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்தரில் வசந்தாவுக்கு நேரே வரவில்லை, வரவில்லை என்று தினம் என் கையாலேயே எழுதினேன்.

ஒரு சனிக்கிழமை மனசு கேட்காமல் கிளம்பினேன். பேரை மாற்றிவிடுகிறேன், பெண்ணை அனுப்புங்கள் என்று சொல்லத்தான் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. வெள்ளையடிக்கிற வேலை சரியாக இல்லை, கங்கம்மாவின் அண்ணன் அத்திபெலேயில் இருக்கிறான், குடும்பத்தோடு அங்கே போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னாள். என்றைக்கு என்றேன். வியாழக்கிழமை என்றாள். இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் பார்த்திருப்பேன். அந்த வருஷக் கடைசியில் பெரிய டீச்சர் அதே சிவப்பு மையால் 'நெடுநாள் வரவில்லை' என்று எழுதி அவள் பேரையே அடித்துவிட்டார்கள். அன்றைக்கு அந்தப் பூட்டைப் பார்த்தபடி நான் நின்றபோது, பக்கத்து வீட்டு அம்மா நான் யார் என்று விசாரித்தாள். டீச்சர் என்றேன். அவள் சொன்னாள்: "நீங்கதானா? அந்தப் பொண்ணு தினம் சிலேட்டை எடுத்துக்கிட்டு வாசல்ல நிக்கும், டீச்சர் வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு."

கையெழுத்து

ஐந்து வருஷம் கழித்து ஒரு ஜூன் மாதம். வரிசையில் கங்கம்மா நின்றாள். தலை நரைத்துப் போயிருந்தது, ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. மறுபடியும் அல்சூருக்கே வந்துவிட்டார்களாம். கையில் பிடித்திருந்தது ஐந்தாவது மகளை. பேர் கேட்டேன், வேண்டாம் என்றாள். அதுதான் பேர் என்று எனக்குப் புரிந்தது. வேண்டாம் என்றே எழுதினேன். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. அந்தப் பேர் வைத்த பிறகு பையன் பிறந்தான் என்று அவளாகவே சொன்னாள். பையன் கங்கம்மாவுக்குப் பின்னால் நின்ற நாலாவது மகளின் இடுப்பில் இருந்தான்.

பன்னிரண்டு வயசு இருக்கும் அவளுக்கு. படித்திருந்தால் ஏழாவது. நான்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினேன். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். காக்ஸ் டவுனில் ஓர் ஆபீசர் வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்கிறாளாம், மற்ற நேரம் தம்பியை. இப்போதாவது வா, மூன்றாம் வகுப்பில் உட்காரவைக்கிறேன், நான் பெரிய டீச்சரிடம் பேசுகிறேன் என்று சொன்னேன். எந்தப் பேர் வேண்டுமானாலும் எழுதுகிறேன் என்றுகூடச் சொன்னேன், என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. கங்கம்மா பையனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டாள். அதில் குத்தலே இல்லை. உண்மையாகவே என்னிடம் வழி கேட்டாள். என்னிடம் வழி இல்லை.

பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் ரேகை வைக்கக் கங்கம்மா கட்டைவிரலை நீட்டினாள். அக்காக்காரி தம்பியை இறக்கிவிட்டு, நான் போடறேன்மா என்று பேனாவை வாங்கினாள். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற மாதிரி பெரிய பெரிய எழுத்தாக எழுதினாள். எழுதியதைத் தள்ளிப் பிடித்துச் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். வசந்தா. அம்மா இன்னமும் அவளைப் போதும் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் அழுதுவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவள் பேனாவை மூடி என்னிடம் நீட்டினாள்: "எனக்கு எழுதத் தெரிஞ்சது இது ஒண்ணுதான், டீச்சர். ஆனா இந்தப் பேர் சொல்லி என்னை யாரும் கூப்பிடறதில்ல."

போதும்பொண்ணு என்ற பேர் பிடிக்கவில்லை என்று அந்த வீட்டில் ஒருத்தரும் சொல்லவில்லை. பிடிக்காமல் போனது எனக்கு, படிக்காமல் போனது அவள்.